தரையோட்டில் வெள்ளை பூக்கிறது, சீலர் உரிகிறது: என்ன செய்யலாம்?

முற்றத்துவெயில்:

நாகர்கோவில் பக்கம் பழைய ஓட்டு வீடு. கூடம், இரண்டு அறை, அடுக்களை சேர்த்து 420 சதுர அடி. முழுக்க 9 இன்ச் சதுரச் சிவப்புத் தரையோடு, முக்கால் இன்ச் கனம். பெயர்ந்த ஓட்டின் அடியில் ‘ஃபரோக்’ (கேரளத்தில் ஓட்டுச் சூளைகளுக்குப் பேர்போன ஊர்) முத்திரை. கீழே சுண்ணாம்புச் சாந்து, அதற்கும் கீழே மணலும் மண்ணும்தான். கான்கிரீட் கிடையாது.

ஜூனில் மேலே ஒட்டியிருந்த பிவிசி விரிப்பை உரித்தோம். ஓர் அறையில் ரப்பர் கம் மஞ்சளாக அப்படியே நிற்கிறது. ஜூலையில், சுவர் பூசியபோது சிந்திய சிமென்ட் போவதற்காக வேலையாட்கள் ஹார்டுவேர் கடை ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தேய்த்தார்கள். ஆகஸ்டில் பளபளப்பு சீலர் 2 கோட். இப்போது டிசம்பர். இணைப்புகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது, துடைத்தால் நாலு நாளில் திரும்ப வருகிறது. சீலர் வெளுத்துத் தோல் மாதிரி உரிகிறது. குளியலறைச் சுவரை ஒட்டிய வரிசைகளில்தான் அதிகம். 11 ஓடு ஆடுகிறது அல்லது உடைந்திருக்கிறது. அடுக்களையில் எண்ணெய் ஊறிக் கறுப்பு.

ஒப்பந்தக்காரர் இரண்டு வழி சொல்கிறார்: மொசைக் பாலிஷ் மெஷின் போட்டுத் தேய்த்து எபாக்சி பூச்சு அடிப்பது, அல்லது மேலேயே விட்ரிஃபைடு டைல் ஒட்டிவிடுவது. எது சரி?

சூளைமண்:

இரண்டும் வேண்டாம். அச்சில் அழுத்திச் சுட்ட ஓட்டுக்கு மேல்பரப்புதான் கெட்டி. மொசைக் கல் போட்டு அதை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தாலும் உள்ளே இருக்கும் துளைமண் வெளியே வந்துவிடும். பிறகு காபி சிந்தினால்கூடக் கறை. எபாக்சி ஈரத்துக்கு மூடி போடுகிற வேலை. மண்ணிலிருந்து வருகிற ஈரம் அதோடு நின்றுவிடாது, சுவர் அடியில் ஏறும்.

முதலில் அந்த வெள்ளை என்னவென்று பாருங்கள். எல்லா வெள்ளையும் உப்பு இல்லை.

பொடியைச் சுரண்டி ஒரு கரண்டி தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் நின்று, எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டும்போது சுருண்டு வந்தால் அது சீலர் தோல். தின்னரில் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் அக்ரிலிக். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முற்றத்துவெயில்:

பார்த்தாயிற்று. இணைப்பில் இருக்கும் பொடி முழுக்கக் கரைந்தது. தோல் தின்னரில் பிசுபிசுத்தது. இன்னொன்று: மழை பெய்யும் நாளில் கூடத்தின் நடுவில்கூடச் சில ஓடு நனைந்த மாதிரி கறுக்கிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. அங்கே குழாய் எதுவும் இல்லை.

சூளைமண்:

அது ஆசிட்டின் வேலை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்போடும் சிமென்டோடும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு உண்டாகும். காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கிற உப்பு அது. அலமாரியில் வைக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பாவில் இருப்பதும் அதுவே. ஓட்டைத் தண்ணீரில் நனைக்காமல் ஊற்றியதால் ஆசிட் உள்ளே இறங்கிவிட்டது. வறண்ட ஓடு எதை ஊற்றினாலும் குடிக்கும்.

அதற்கு மேல் சீலர் போட்டதால் இரண்டாவது தொந்தரவு. ஈரம் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு கட்டியாகும். தரை திறந்திருந்தால் மேலே பூத்து நிற்கும், பெருக்கிவிடலாம். தோல் போட்டு மூடினால் தோலுக்கு அடியிலேயே கட்டியாகித் தோலைத் தள்ளும். தோல் கெட்டியாக இருந்தால் ஓட்டின் முகத்தையே பொரித்து உதிர்க்கும். உங்களுக்குத் தோல் உரிந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்லுவேன்.

இனி அந்தப் பொடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்து திரும்ப உள்ளே போகும், நாலாம் நாள் வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, வாக்குவம் கிளீனரால் எடுத்து, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.

அளவுகோல்:

தரையைத் தொடும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குளியலறைச் சுவர் பக்கம் அதிகம் என்கிறீர்கள். குளியலறை வடிகால் வாயை அடைத்து, தரையில் ஒரு இன்ச் தண்ணீர் கட்டி, விளிம்பில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கோடு இறங்கினால் கசிவு அங்கேதான். ஆவியாவது எவ்வளவு என்று தெரிய, பக்கத்தில் ஒரு தட்டிலும் அதே உயரம் தண்ணீர் வையுங்கள்.

அடுத்து வெளிப்பக்கம். தெரு உயர்ந்து உயர்ந்து வீட்டுத் தரை மட்டத்துக்கு வெளி மண் வந்துவிட்டதா? உள் தரையைவிட வெளி மண் குறைந்தது 6 இன்ச் கீழே இருக்க வேண்டும். இறவாணத்துத் தண்ணீர் சுவர் ஓரமே விழுந்தால் பாத்தி கட்டித் திருப்புங்கள். சுவர் ஓரம் சிமென்ட் தளம் போட்டிருந்தால், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து ஜல்லி நிரப்பலாம், ஈரம் அங்கே மூச்சு விடும்.

பிறகு தோல் எடுத்த இடத்தில் 2 அடிக்கு 2 அடி கனமான பாலித்தீன் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி 48 மணி நேரம். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் சீல் பண்ண நேரமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் உங்களுக்குக் கிடைக்கிற காலம். ஆகஸ்டில் போட்டதே தப்பு.

முற்றத்துவெயில்:

குளியலறை வடிகால் ஓரம் கசிவுதான், கோடு அரை இன்ச் இறங்கிவிட்டது. தட்டில் நூலளவுகூட இல்லை. அதைச் சரிசெய்கிறேன். தோலையும் கம்மையும் எப்படி எடுப்பது?

சூளைமண்:

தோலுக்கு டைக்ளோரோமீத்தேன் இல்லாத ஜெல் பெயிண்ட் ரிமூவர். ஒரு தடவைக்கு 3 அடிக்கு 3 அடி மட்டும். பிரஷ்ஷால் தடிமனாகப் பூசி, மேலே மெல்லிய பாலித்தீன் போட்டு 30 நிமிடம். மூடாவிட்டால் காய்ந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி. இரும்புத் தகடு ஓட்டில் சாம்பல் கோடு போடும், அது துருவாக மாறும். மிச்சத்தைப் பச்சை நைலான் பேடால் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் எடுத்து, சுத்தத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவி உறிஞ்சுங்கள். துடைப்பது போதாது, உறிஞ்ச வேண்டும். அந்த மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, ஜன்னல் திறப்பு கட்டாயம்.

ரப்பர் கம்முக்கு சாக்பீஸ் மாவை மினரல் டர்பென்டைனில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, 5 மில்லிமீட்டர் கனத்தில் அப்பி, பாலித்தீன் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் கம் பசையாக மாவோடு வரும். பெட்ரோல் போடச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். விளக்கும் அடுப்பும் இருக்கிற வீடு.

அடுக்களை எண்ணெய்க்கு இதே முறை, சாக் மாவுக்குப் பதில் முல்தானி மட்டி. மூன்று நாலு தடவை போட வேண்டியிருக்கும். ரொம்ப ஆழமாக இறங்கிய எண்ணெய் முழுதாகப் போகாது, நிழல் மாதிரி நிற்கும்.

சலவைச் சோடா போட்டுக் கழுவுவது வழக்கம், எண்ணெயை நன்றாக எடுக்கும். ஆனால் அதுவும் உப்புதான். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டாம், உறிஞ்சி எடுக்காமல் காயவும் விடவேண்டாம்.

தூரிகை:

இன்னும் ஒட்டியிருக்கும் சிமென்ட் புள்ளிகளுக்கு சல்ஃபாமிக் ஆசிட் தூள், லிட்டருக்கு 50 கிராம். முதலில் ஓட்டைத் தண்ணீர் குடிக்க விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் புள்ளிமேல் மட்டும். 5 நிமிடம், பிறகு உறிஞ்சிக் கழுவவும். இணைப்பில் படக்கூடாது, அங்கே இருப்பது சுண்ணாம்பு, அரித்துவிடும். கதவுக்குப் பின்னால் ஓர் ஓட்டில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

குளோரைடு உப்பை வெளியே இழுக்க: அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுத்தத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கறுக்கிற ஓடுகள்மேல் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். மூடாதீர்கள், தானாகக் காயட்டும். காயக் காய உப்பு கூழுக்கு ஏறும். முழுக்கக் காய்ந்ததும் எடுத்து எறிந்துவிட்டு மறுபடி. மூன்று சுற்று செய்தால் வித்தியாசம் தெரியும். கசிவை அடைத்த பிறகு செய்யுங்கள், முன்னால் செய்து பலனில்லை.

அளவுகோல்:

11 ஓடு விஷயம். நாணயத்தால் தட்டும்போது ‘டொக்’ என்று கேட்பதெல்லாம் மாற்ற வேண்டியதில்லை. மிதித்தால் ஆடுவதை மட்டும் எடுங்கள். மாற்று ஓட்டுக்கு முதலில் பத்தாயம், கட்டில் அடியில் பாருங்கள். உடைந்ததை அங்கே போட்டு நல்லதை நடுவுக்குக் கொண்டுவரலாம். பற்றாவிட்டால் வீடு இடித்த சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். கனத்தையும் விளிம்பையும் அளந்து வாங்குங்கள். 9 இன்ச் என்று விற்பது சூளைக்குச் சூளை 3, 4 மில்லிமீட்டர் வேறுபடும்.

பதிக்க: நீற்றி ஒரு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, சலித்த ஆற்று மணல் 2. ஓட்டைக் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் போட்டு எடுத்து, மேல் ஈரம் வடிந்ததும் பதியுங்கள். வறண்ட ஓடு சாந்தின் தண்ணீரைக் குடித்துவிட்டால் சாந்து பொடியாகும். சாந்து 15 முதல் 20 மில்லிமீட்டர். ஒரு வாரம் மிதிக்கக்கூடாது, ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். கொத்தனார் ‘ஒரு பிடி சிமென்ட் போட்டால் சீக்கிரம் இறுகும்’ என்பார். வேண்டாம். இணைப்பு ஓட்டைவிட இளகியதாக இருந்தால் ஈரமும் உப்பும் இணைப்பு வழியாகப் போகும்; சிமென்டால் அடைத்தால் ஓட்டின் முகம் வழியாகப் போகும்.

செக்கெண்ணெய்:

சீலர் கெமிக்கல் எதற்கு? ஆளிவிதை எண்ணெய் போட்டாலே போதும். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு என்று கேளுங்கள். முதல் கோட் எண்ணெயும் டர்பென்டைனும் சமமாக, அடுத்தது 2க்கு 1. பூசி 20 நிமிடத்தில் மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். கோட்டுக்குக் கோட் 2 நாள். கடைசியாகத் தேன்மெழுகு 100 கிராமை 400 மில்லி டர்பென்டைனில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்து, ஆறிய பிறகு தேய்த்து மெருகேற்றுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே வைத்துக் கரைக்கவும். அந்தச் சிவப்பு வேறு எதிலும் வராது.

சூளைமண்:

நிறம் வரும், மறுக்கவில்லை. உலர்ந்த மாடி அறை என்றால் நானும் அதையே சொல்லுவேன். இது மண்மேல் நிற்கிற தரை. ஈரம் வருகிற ஓட்டில் ஆளிவிதை எண்ணெய் சரியாக இறுகாது, மழைக்காலத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களும் உண்டு. அது இறுகவே இறுகாது. அழுக்கும் எறும்பும்தான் சேரும்.

உங்களுக்குப் பொருத்தம் சிலேன் சிலாக்சேன் வகை ஊடுருவும் சீலர். தோல் கட்டாது, ஆவி போகும், தண்ணீர் இறங்காது. ஆனால் நிறத்தையும் பளபளப்பையும் எதிர்பார்க்காதீர்கள், ஓடு ஓடாகவே இருக்கும். எண்ணெயையும் தடுக்காது. அடுக்களைக்கு மட்டும் எண்ணெய் விலக்கும் ஃப்ளோரோபாலிமர் வகை வாங்குங்கள், விலை கூடுதல்.

முற்றத்துவெயில்:

எவ்வளவு வாங்க வேண்டும்? வெளிநாட்டு டப்பாவில் ‘குவாரி டைல்’ என்று போட்டு லிட்டருக்கு 150 சதுர அடி என்கிறார்கள்.

அளவுகோல்:

அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது. குவாரி டைல் களிமண்ணைப் பிதுக்கி எடுத்து அதிகச் சூட்டில் சுட்டது, தண்ணீர் குடிப்பது 5 சதவீதத்துக்குள். உங்கள் ஓட்டை நீங்களே அளக்கலாம்: உடைந்த ஒன்றைச் சமையலறை அடுப்பில் காயவைத்து எடை, 24 மணி நேரம் ஊறவைத்து எடை. 2 கிலோ ஓடு 2 கிலோ 300 கிராம் ஆனால் 15 சதவீதம். அப்படிப்பட்ட ஓட்டுக்கு லிட்டருக்கு 40 முதல் 60 சதுர அடி. 420 சதுர அடிக்கு 7 முதல் 10.5 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1 லிட்டர் வாங்கி ஒரு மூலையில் பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.

முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது. 10 நிமிடத்தில் குடிக்காமல் நிற்பதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். 24 மணி நேரம் மிதிக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்க வேண்டும்.

தூரிகை:

பிறகு பராமரிப்பு: பிழிந்த துணி, வாளிக்கு ஒரு மூடி நியூட்ரல் (ஆசிட்டும் காரமும் இல்லாத) கிளீனர். ஆசிட் கலந்த கழிவறை கிளீனர், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கூடாது. பிளீச்சிங்கும் குளோரைடு உப்பைத்தான் விட்டுப்போகும். சிவப்பு மெழுகு பாலிஷ் போட்டால் முதல் வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பாதமெல்லாம் சிவப்பு.

முற்றத்துவெயில்:

நன்றி. கடைசியாக ஒன்று. அம்மா வெள்ளிக்கிழமை மாக்கோலம் போடுவார், குத்துவிளக்கும் தரையில்தான். கறை பிடிக்குமா?

தூரிகை:

சீலர் போட்டபின் மாக்கோலம் தாராளமாகப் போடலாம், மறுநாள் ஈரத்துணியில் வந்துவிடும். அரிசிமாவைக் காயவிட்டுச் சுரண்டாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். விளக்குக்கு அடியில் மட்டும் ஒரு பித்தளைத் தட்டு.