ரிப்பன் விற்ற அம்மாளும் வாசல் தாண்டாத ஏதென்ஸ் பெண்களும்

திண்ணைவாசி:
"பழைய ஏதென்ஸில் குடிமகன் வீட்டுப் பெண் வாசற்படியைத் தாண்டியதே இல்லை" என்று நேற்று உப்புக்காற்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தாண்டியதே இல்லையாம்! எதிர்வீட்டில் குடியிருந்து பார்த்தவர் மாதிரி.

கி.மு. 345 வாக்கில் யூக்சிதியஸ் என்பவரைக் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதை எதிர்த்து நீதிமன்றத்தில் அவர் பேசுவதற்காக டெமாஸ்தனிஸ் என்ற பேச்சாளர் எழுதிக்கொடுத்த வாதம் இன்றும் கிடைக்கிறது. என் அம்மா சந்தையில் ரிப்பன் விற்றார், பிறர் குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலியாகவும் இருந்தார் என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். இதற்கு என்ன பதில்?

உப்புக்காற்று:
பதில் உங்கள் வழக்கிலேயே இருக்கிறது, முழுசாகப் படித்திருந்தால். ரிப்பன் விற்றதைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு "இவள் குடிமகளே இல்லை" என்றது. குடிமகள்கள் கடை போடுவது சகஜம் என்றால் அந்தப் பேச்சு எப்படி எடுபடும்? நீங்கள் கூட்டிவந்த சாட்சி எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. போரில் இறந்தவர்களுக்கான உரையில் ஏதென்ஸின் தலைவர் பெரிகிளிஸ் விதவைகளுக்குச் சொன்ன புத்திமதி ஞாபகம் இருக்கிறதா? நல்லதாகவோ கெட்டதாகவோ ஆண்கள் வாயில் உங்கள் பெயர் அடிபடாமல் இருப்பதே பெருமை என்றார்.

திண்ணைவாசி:
பெரிகிளிஸ் புத்திமதி சொன்னார், சரி. ஊர் கேட்டதா? நான் கேட்டது ஒன்றுதான்: அந்த அம்மாள் ரிப்பன் விற்றாரா இல்லையா? சந்தையில் தொழில் செய்வதை வைத்துக் குடிமகனையோ குடிமகளையோ யாரும் இழிவாகப் பேசக் கூடாது என்று ஏதென்ஸில் சட்டமே இருந்தது. அதே வாதத்தில் வருகிறது. சந்தைப் பக்கமே வராத பெண்களுக்கு எதற்கு ஐயா சட்டம்?

செம்பருத்தி:
இருவரும் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யலாமே? வசதியான வீடா, ஏழை வீடா? ஏழைகளின் மனைவிமார் வெளியே போவதை எப்படித் தடுக்க முடியும் என்று அரிஸ்டாட்டிலே கேட்டிருக்கிறார்.

உப்புக்காற்று:
ஒரு ரிப்பன்காரியை வைத்து மொத்த ஊரையும் அளக்கிறார் தம்பி. லீசியஸ் எழுதிய கொலை வழக்கு உரையைப் பாருங்கள். மனைவியின் கள்ளக்காதலனைக் கொன்ற யூஃபிலீட்டஸின் வீட்டில் மாடி பெண்களுக்கு, கீழ்த்தளம் ஆண்களுக்கு. சந்தைக்குப் போனது வேலைக்காரப் பெண்.

திண்ணைவாசி:
முதலில் இந்த "தம்பி"யை நிறுத்துங்கள். உங்களுக்கு நான் தம்பி இல்லை.

அப்புறம், அந்த மாடிக் கதையை ஏன் பாதியில் விட்டீர்கள்? குழந்தை பிறந்ததும், அதைக் குளிப்பாட்ட அம்மா ஏணியில் ஏறி இறங்கினால் ஆபத்து என்று பெண்களைக் கீழே குடிவைத்து யூஃபிலீட்டஸ் மாடிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் உங்கள் கட்டுக்காவல். அந்தப் பெண்ணைக் கள்ளக்காதலன் முதலில் எங்கே பார்த்தான்? மாமியாரின் சவ ஊர்வலத்தில். வாசற்படி தாண்டாமல் ஊர்வலத்தில் எப்படிப் போனாள்?

உப்புக்காற்று:
சாவு வீட்டை யார் கணக்கில் எடுப்பார்கள்? "தம்பி" என்றதற்கே இவ்வளவு கோபமா? போன மாதம் இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் சாப்பிட்ட கருங்குழம்பில் ரத்தமே கிடையாது என்று அடம்பிடித்தவர்தானே நீங்கள்.

ஓரமாய்நிற்பவன்:
ஸ்பார்ட்டா என்றதும் நினைவு வந்தது. அங்கே பெண்கள் வெளியில் உடற்பயிற்சியே செய்தார்கள். நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் புலம்புகிறார்.

திண்ணைவாசி:
ஸ்பார்ட்டாவுக்குத் தனியாக இழை தொடங்குங்கள். கருங்குழம்பையும் அங்கேயே ஊற்றலாம்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏதென்ஸில் வரைந்த தண்ணீர்க் குடங்களைப் பார்த்ததுண்டா? நீர்மண்டபத்தில் பெண்கள் கூட்டம். சிங்கமுகக் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் விழுகிறது. வெறுங்குடம் தலையில் படுத்திருக்கிறது, நிறைகுடம் நிமிர்ந்து நிற்கிறது. அவர்களெல்லாம் யாராம்?

உப்புக்காற்று:
அடிமைப் பெண்கள்.

திண்ணைவாசி:
நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

உப்புக்காற்று:
குடிமகள் என்று எழுதி ஒட்டியிருக்கிறதா?

செம்பருத்தி:
நான் கேட்ட ஏழை, வசதி விஷயத்துக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

திண்ணைவாசி:
அம்மா, நீங்கள் சொன்னது என் பக்கம்தான், அதனால்தான் தொடவில்லை. உப்புக்காற்று ஐயாவுக்கு இன்னொன்று. தெஸ்மோபோரியா விழாவில் குடிமக்களின் மனைவிமார் மூன்று நாள் வீட்டை விட்டுத் தனியாகக் கூடினார்கள், ஆண்களுக்கு அனுமதியே இல்லை. அந்த மூன்று நாளும் வாசற்படியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போனார்களா?

உப்புக்காற்று:
திருவிழா வேறு, தினசரி வாழ்க்கை வேறு. இதுகூடப் புரியாதவரிடம் என்ன பேசுவது? வேலை இருக்கிறது, இரவு வருகிறேன். அதற்குள் அந்த ரிப்பன்காரி குடிமகள்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் காட்டுங்கள்.

திண்ணைவாசி:
ஓடுகிறார் பாருங்கள். தீர்ப்பு எதற்கு? விற்றதை மகனே ஒப்புக்கொள்கிறான். ஓரமாய்நிற்பவரே, அந்த ஐந்தில் இரண்டு பங்கை நான் மறுக்கவில்லை, ஆனால் இங்கே வேண்டாம்.

ஓரமாய்நிற்பவன்:
கருங்குழம்பில் ரத்தம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.