கர்ட்டன் ராடு மாட்ட எந்த கார்ட்லெஸ் டிரில் வாங்கலாம்?

வோல்ட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சுவரைப் பாருங்க. செங்கல், மரம், மெல்லிசு தகரம், அலமாரிக் கீல், இதுதான் வேலைன்னா ஹேமர் மோடு (சுத்திக்கிட்டே பிட்டை முன்னாடி குத்துறது) உள்ள 12 வோல்ட் மிஷினே தாராளம். ஒன்றரை கிலோவுக்குள்ள அடங்கும், ஸ்டூல் மேல நின்னு ஒரு கையால பிடிச்சுக்கலாம்.

எல்லாரும் மாட்டிக்கிற இடம் கர்ட்டன் ராடு. ஜன்னலுக்கு மேல ஓடுறது லிண்டல், கம்பி கட்டின கான்கிரீட். பூச்சு வரைக்கும் பிட் சர்ருன்னு இறங்கும். அப்புறம் நின்ன இடத்துலயே சுத்தும், நுனி சூட்டுல நீலம் பாயும். அதோட நிறுத்திடணும். இன்னும் அமுக்கினா நுனியில பத்த வச்சிருக்கிற கார்பைடுத் துண்டு கழண்டு ஓட்டைக்குள்ளயே தங்கிடும். தூள் சிவப்பா வந்தா செங்கல், கடைசி வரைக்கும் சாம்பல் நிறம்னா பெரும்பாலும் கான்கிரீட். பல வீட்டுல லிண்டல் உயரம் 6 அங்குலம்தான். பிராக்கெட்டை ஜன்னல் விளிம்புல இருந்து 8 அங்குலம் ஏத்தினா செங்கல் கிடைச்சிடும்.

*

பெட்டியில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். ஐந்து கோத்தால் 18. முழு சார்ஜில் செல் 4.2 வரை ஏறும், அதனால் அதே பேட்டரியை 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் என்றும் விற்கிறார்கள். '12 வோல்ட்' என்பது மூன்று செல், கணக்குப்படி 10.8. ஆன்லைனில் 48, 88 என்று போட்ட மலிவு மிஷின்களைத் திறந்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். பேட்டரியின் அடியில் ஆம்பியர்-அவர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். அதுதான் உண்மையான கொள்ளளவு.

டார்க்கிலும் (முறுக்கு விசை) இதே விளையாட்டு. ஹார்டு (கெட்டியான பொருளில் முறுக்கும்போது), சாஃப்ட் (மெத்தென்ற பொருளில்) என்று இரண்டு எண் உண்டு, விளம்பரத்தில் பெரியதைத்தான் போடுவார்கள். 30 நியூட்டன் மீட்டர் வீட்டுக்குப் போதும். மாதம் இரண்டு தடவை எடுக்கிற மிஷினுக்கு பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத, விலை கூடின மோட்டார்) வீண் செலவு. அந்தக் காசில் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள். விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் பேட்டரி, சார்ஜர் இல்லாத வெறும் மிஷினா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

*

ப்ரோ, இதையும் சேர்த்துக்கோங்க. இம்பாக்ட் டிரில் (மேல சொன்ன ஹேமர் மோடு மிஷின்) வேற, இம்பாக்ட் டிரைவர் (திருகு முறுக்குறது) வேற. பேர் குழப்பத்துல டிரைவரை வாங்கிட்டு சுவத்துல முட்டுறவங்க நிறைய. டிரைவர்ல பிட்டைக் கவ்வுற மூணு தாடை சக் இருக்காது, கால் அங்குல அறுகோண பிட் சொருகுற குழிதான் இருக்கும். அது அடிக்கிறது சுத்துற திசையில, திருகை முறுக்க. சுவத்துக்கு பிட்டை முன்னாடி குத்தணும்.

இம்பாக்ட் டிரில்லும் கான்கிரீட்டுக்கு ராஜா இல்லை. உள்ள ரெண்டு பல்லுத் தட்டு உரசித்தான் அதிரும், கை அழுத்தம் குறைஞ்சா குத்தாது. கான்கிரீட்ல பத்து ஓட்டை வேணும்னா கார்ட்லெஸ்ஸை விடுங்க, வயர் வச்ச 600 வாட், 13 எம்எம் சக் உள்ள இம்பாக்ட் டிரில் குறைஞ்ச காசுல கிடைக்கும். வீடு முழுக்க கான்கிரீட் சுவர்னா எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர்தான் (உள்ள பிஸ்டன் அடிச்சு குத்துற மிஷின்).

*

சார், சுவருக்குள்ள வயர் போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

*

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் வயர் பைப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை விட்டு அரை அடி தள்ளித்தான் ஓட்டை போட வேண்டும். பாத்ரூம் சுவரில் குழாய்க்கும் இதே கணக்கு.

ஓட்டை போடும் முறை: 6 எம்எம் பிளக்குக்கு (திருகைப் பிடிக்க ஓட்டைக்குள் சொருகும் பிளாஸ்டிக் குழல்) 6 எம்எம் மேசன்ரி பிட் (சுவர் துளைக்கும் பிட்). பிளக் 30 எம்எம் நீளம் என்றால் 40 எம்எம் ஆழம் வேண்டும், அடியில் தூள் தங்கும். பிட்டில் 40 எம்எம் அளந்து டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கியர் 2, ஹேமர் ஆன். பாதியில் மோட்டாரை நிறுத்தாமல் பிட்டை இரண்டு முறை வெளியே இழுத்தால் தூள் வந்துவிடும். திருகு முறுக்க கியர் 1, ஹேமர் ஆஃப், கிளட்ச் வளையத்தை (எவ்வளவு இறுகியதும் சுற்று நிற்க வேண்டும் என்று வைக்கும் எண் வளையம்) சின்ன எண்ணிலிருந்து ஏற்றுங்கள். மோட்டார் ஓடும்போது கியரைத் தள்ளினால் பல் தேயும்.

திருகோடு பிளக்கும் சேர்ந்து சுற்றினால் ஓட்டை அகன்றுவிட்டது என்று அர்த்தம். தீக்குச்சி சொருக வேண்டாம், 8 எம்எம் பிளக்குக்குப் போங்கள். எடை குறைந்த ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த சிமென்ட் கல்) சுவரில் ஹேமர் போட்டால் இப்படித்தான் ஆகும். அங்கே வெறும் சுழற்சி போதும்.

*

பேட்டரி விஷயம்: வேலை முடிஞ்ச சூட்டோட சார்ஜர்ல சொருகாதீங்க, அரை மணி ஆறட்டும். காலி பேட்டரியை ஆறு மாசம் பரண்ல போட்டா செத்துடும். பாதி சார்ஜ்ல கழட்டி வைங்க.

*

டைல்ஸ் மேல மட்டும் ஹேமர் போட்டுடாதீங்க, கீறல் ஓடிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி, ஈட்டி முனை டைல் பிட்டை மெதுவா சுத்த விடுங்க. விட்ரிஃபைடு டைல்னா டைமண்ட் பிட், கூடவே தண்ணி. டைல் தாண்டினதும் மேசன்ரி பிட்டுக்கு மாத்தி, அப்புறம் ஹேமர்.