இரண்டாவது கியரில் திணறிய அந்த வளைவு

மலைவழி:
என் சின்னக் கார்: ஒரு லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், உள்ளே ஐந்து பேர். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் கத்திக்கொண்டே ஏறினேன். வளைவு முடிந்ததும் இரண்டாவது போட்டேன், அவ்வளவுதான், வண்டி இழுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் திணறல், ஸ்டியரிங்கில் உதறல். சரி, முதலுக்கே போய்விடலாம் என்று கியர் ராடைத் தள்ளினால் கியர் விழவில்லை. உள்ளிருந்து யாரோ கையால் தடுப்பதுபோல் இருந்தது. கண்ணாடி நிறைய பின்னால் வந்த லாரியின் முகப்பு. ஹாண்ட்பிரேக்கை இழுத்து நின்று, மறுபடி கிளம்பினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ராடு கொடுத்த அந்தத் தடுப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

காலைப்பனி:
எனக்கு மலையே வேண்டாம், குளிர்காலக் காலை போதும். முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் பாதியில் நின்று, ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் விழும். ஒருநாள் அவசரத்தில் அழுத்தித் தள்ளினேன், ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். கியரின் பல் போச்சு என்றே நினைத்தேன். கியர் எண்ணெய் சூடானதும் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

ஐந்தாம்கியர்:
மலைவழி, கோபப்படாதீர்கள். கியர் மாற்றிய நேரம்தான் தப்பு. இந்த வகைச் சின்ன வண்டிகளில் முதல் கியர் விகிதம், அதாவது கியர்பெட்டியின் வெளித்தண்டு ஒருமுறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது, ஏறக்குறைய 3.5, இரண்டாவது 1.9. நடுவில் பெரிய பள்ளம். நிமிடத்துக்கு 4000 சுற்றில் மாற்றினால் இன்ஜின் 2200-க்குக் கீழே விழும். ஏற்றத்தில் ஐந்து பேரோடு அதில் என்ன பலம் இருக்கும்? 5000 வரை இழுத்திருந்தால் 2700-இல் பிடித்திருக்கும். சத்தத்துக்குப் பயப்படக் கூடாது. ஓடும்போது முதலுக்கு இறங்க, கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், அப்புறம் முதல். சமதளத்தில், நடை வேகத்தில் பழகுங்கள். காலைப்பனி, நீங்களும் அழுத்தாதீர்கள். குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் அதை வழித்துவிட்டுப் பிடிக்க நேரம் வேண்டும். ராடை லேசாக அணைத்துக் காத்திருந்தால் தானே விழும்.
என் அனுபவம் சின்னது: நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் சுற்று முள் 3000-ஐத் தாண்டி நிற்கும். வாங்கி இத்தனை வருடமாகியும் கை தானாக ஆறாவது கியரைத் தேடிப் போகிறது.

மலைவழி:
கணக்கு சரிதான், ஐயா. ஆனால் எதிரே பேருந்து இறங்கி வரும்போது சுற்று முள்ளைப் பார்க்க முடியவில்லை. அது வளைவுக்கு நடுவே 5000 வரை இழுக்கிற இடமும் இல்லை. அந்த வளைவில் முதல் கியர் அதிகம், இரண்டாவது போதாது. நடுவில் ஒன்று இருந்திருக்கலாம் என்றுதான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காலைப்பனி:
லேசாக அணைத்துக் காத்திருந்து பார்த்தேன், இன்று காலை. சத்தமில்லாமல் விழுந்தது.