பரோஸ் போர்ட்ல ரெண்டு ஃபெர்ரிக்கு நடுவுல அஞ்சு மணி நேரம், என்ன பண்ணலாம்?

மூட்டைமுடிச்சு
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் கிரீஸ் போறோம், நான், வீட்டுக்காரர், என் மாமியார். சாண்டோரினில ஏறுற கப்பல் காலைல 11:30க்கு பரோஸ் தீவுல பரிகியா போர்ட்ல இறக்கிவிடுது, அங்கேர்ந்து சீரோஸ் போற கப்பல் சாயங்காலம் 4:30க்குத்தான். ரெண்டு பெரிய பெட்டி இருக்கு. அத்தைக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, ஆனா பழைய கோயில், சர்ச்னா ஆசையா பார்ப்பாங்க. மூணு பேருமே சைவம், முட்டை ஓகே. பெட்டிய எங்க வைக்கிறது, மத்தியான வெயில்ல எங்க உக்கார்றது? நௌஸான்னு ஒரு ஊர எல்லா வீடியோலயும் காட்டுறாங்களே, அங்க போய்ட்டு வர டைம் இருக்குமா? ரெண்டும் தனித்தனி டிக்கெட், வேற வேற கம்பெனி, அதான் கொஞ்சம் பயமாவும் இருக்கு.

உப்புக்காத்து
நௌஸாவ விட்டுடுங்க, பரிகியாவே போதும். கப்பல விட்டு இறங்கினதும் எதிர்லயே ஒரு வெள்ளை காத்தாடி ஆலை தெரியும், அதச் சுத்தி டிக்கெட் விக்கிற ஏஜென்சி நிறைய இருக்கு, அதுல சில இடத்துல காசு வாங்கிட்டு பெட்டி வச்சுக்குவாங்க, வைக்கும்போதே எத்தனை மணிக்கு கடைய மூடுவாங்கன்னு கேட்டுக்குங்க, ஏன்னா மத்தியானம் மூடிட்டு சாயங்காலம் திறக்கிற பழக்கம் தீவுகள்ல இன்னும் இருக்கு.

அப்புறம் நேரா எகடொண்டாபிலியானி சர்ச். போர்ட்லேர்ந்து அஞ்சு பத்து நிமிஷ நடை, ஏத்தம் கிடையாது. ரோமாபுரி மன்னர் கான்ஸ்டன்டைனோட அம்மா ஹெலெனா புனித பூமிக்குப் போற வழியில இங்க ஒதுங்கி வேண்டிக்கிட்டாங்க, அந்த வேண்டுதல்லதான் 4ஆம் நூற்றாண்டுல கோயில் வந்துச்சுன்னு சொல்றாங்க. இப்ப நாம பார்க்கிற கட்டடம் பெரும்பாலும் 6ஆம் நூற்றாண்டு ஜஸ்டினியன் மன்னர் காலத்தோடது. 99 வாசல்தான் கண்ணுக்குத் தெரியும், நூறாவது வாசல் கான்ஸ்டான்டிநோபிள், அதான் இப்ப இஸ்தான்புல், கிரேக்கங்களுக்குத் திரும்பக் கிடைக்கிற அன்னிக்குத்தான் தெரியும்னு ஊர்க்காரங்க நம்பிக்கை. உள்ள ஞானஸ்நானத் தொட்டிய மட்டும் தவற விடாதீங்க, தரைக்குள்ள சிலுவை வடிவத்துல இறக்கிக் கட்டினது, பெரியவங்களே இறங்கி முழுக்கு போடுற அளவு, அந்தக் காலத்துல வளர்ந்தவங்கதானே மதம் மாறி வந்தாங்க. அத்தை அங்கயே ஒரு மணி நேரம் நின்னாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தோளும் முட்டியும் மூடுற மாதிரி டிரெஸ் போட்டுக்குங்க. முற்றத்துல மர நிழல் இருக்கு, உக்காரலாம்.

பாய்மரம்
உப்புக்காத்து சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். நௌஸா ஒண்ணும் தூரமில்ல, சுமார் 10 கிலோமீட்டர், போர்ட் பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட், இருபது நிமிஷத்துல போயிடலாம். சின்னப் பசங்களா இருந்தா போங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா ஆகஸ்ட்ல பஸ் ரொம்பி வழியும், நின்னுக்கிட்டே போகணும், முட்டி வலிக்கு அது ஆகாது.

அதுக்குப் பதிலா உங்க வீட்டுக்காரரும் நீங்களும் மாத்தி மாத்தி பழைய ஊருக்குள்ள ஒரு நடை போங்க. மாண்டோ மாவ்ரோகெனௌஸ் சதுக்கத்துலேர்ந்து, 1821 கிரேக்க விடுதலைப் போர்ல சொத்தையெல்லாம் குடுத்த அம்மா பேருதான் அது, கடைசிக் காலத்துல இந்த ஊர்லதான் இருந்தாங்க, அங்கேர்ந்து கடைத்தெரு வழியா போனா காஸ்ட்ரோ வரும். 1260ல வெனிஸ்காரங்க கட்டின கோட்டை, கல்லு வெட்டிட்டு வராம பக்கத்துல இருந்த பழைய கோயில்களையே பிரிச்சு அடுக்கிட்டாங்க, சுவத்துல வட்ட வட்டமா தெரியறது எல்லாம் தூண் துண்டு. பரோஸ் மார்பிள்னா சும்மா இல்லைங்க, மிலோ வீனஸ் சிலையே இந்தக் கல்லுதான். கோயில் ஒண்ண உடைச்சு மதில் ஆக்கினத பார்க்கிறப்ப எனக்கு மனசு கனத்துடும், ஆனாலும் பார்க்கணும்.

மூட்டைமுடிச்சு
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். நௌஸா வேணாம், முடிவு பண்ணியாச்சு. சாப்பாடும் கப்பல் பயமும்தான் பாக்கி.

உப்புக்காத்து
சாப்பாட்டுக்கு உங்க தேதி நல்ல தேதி. ஆகஸ்ட் 1லேர்ந்து 14 வரை அவங்களுக்கு மாதா விரதம், 15 பண்டிகை, இந்த சர்ச்சுலதான் அன்னிக்கு பெரிய கூட்டம். அதனால பேக்கரி, ஹோட்டல்ல 'நிஸ்டிசிமோ'ன்னு கேட்டா கறி, பால், முட்டை இல்லாதது கிடைக்கும். ஆனா கவனம், அவங்க விரதத்துல இறாலும் ஆக்டோபஸும் சேர்த்தி, கேட்டுட்டே வாங்குங்க. ரெவிதாதான்னு மண்சட்டில மெதுவா வேகவச்ச கொண்டைக்கடலை இருந்தா விடாதீங்க. ஃபாவா பருப்பு மசியலும் நல்லாருக்கும், அத்தைக்கு மெல்லவும் சுலபம்.

கப்பல்பைத்தியம்
லேட்டா வர்றேன். ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து அடிக்கும், வானம் பளிச்சுன்னு இருக்கும், கடல் கொதிக்கும். காத்து அளவு மீறினா கப்பல் கிளம்பத் தடை போட்டுடுவாங்க, முதல்ல நிக்கிறது சின்ன ஹைஸ்பீட் படகுதான், கார் ஏத்துற பெரிய கப்பல் பெரும்பாலும் ஓடும். அதனால ரெண்டாவது டிக்கெட் இன்னும் எடுக்கலைன்னா பெரிய கப்பலா பார்த்து எடுங்க.

ஐரோப்பிய சட்டம் 1177/2010 படி கப்பல் ரத்து ஆனாலோ கிளம்ப 90 நிமிஷத்துக்கு மேல தாமதம் ஆனாலோ பணத்த திருப்பிக் கேக்கலாம், இல்ல வேற கப்பல்ல அனுப்பச் சொல்லலாம். ஆனா முதல் கப்பல் லேட்டாகி ரெண்டாவத விட்டீங்கன்னா ரெண்டாவது கம்பெனி பொறுப்பில்ல, தனித்தனி டிக்கெட்டோட கஷ்டம் அதுதான். உங்களுக்கு அஞ்சு மணி நேர இடைவெளி இருக்கு, அத குறைச்சுடாதீங்க.

4 மணிக்கு முன்னாடியே பெட்டியோட துறைல நில்லுங்க. ஒரே நேரத்துல ரெண்டு மூணு கப்பல் வரும், நேரத்த நம்பாம டிக்கெட்ல போட்டிருக்க கப்பல் பேர பார்த்து ஏறுங்க. கப்பல் நிக்கிறது சில நிமிஷம்தான், பின்பக்கக் கதவு இறங்கினதும் எல்லாரும் ஒண்ணா பாய்வாங்க, அத்தைய வீட்டுக்காரர் கையப் பிடிச்சு ஓரமா கூட்டிட்டுப் போகட்டும். உள்ள கீழ்த்தளத்துல தீவு பேர் எழுதின ராக் இருக்கும், பெட்டிய சீரோஸ்னு எழுதினதுல வைங்க. மேல போக படிதான் கண்ணுல படும், பெரிய கப்பல்ல லிஃப்ட்டோ எஸ்கலேட்டரோ இருக்கும், வாசல்ல நிக்கிற ஊழியர்கிட்ட கேளுங்க, காட்டுவாங்க.