முன்சக்கரம் ஆடுகிறது, திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம்: சனிக்கிழமைக்குள் சரியாகுமா?

கும்பகோணத்தான் | செவ்வாய், இரவு 10.52

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் காரை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே எடுத்திருக்கிறோம். ஞாயிறு தங்கைக்குத் திருமணம். சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் முன்சக்கரம் ஆடுகிறது, திருப்பும்போது கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். கிங்பின் (முன்சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் தண்டு) தேய்ந்துவிட்டது, கழற்றி வெல்டிங் வைத்துக் கடைந்தால் போதும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். செய்யலாமா? அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலைப்பயணி | செவ்வாய், இரவு 11.05

என்ன கார்? எந்த ஆண்டு? எந்தப் பக்கத்துச் சக்கரம்?

வெண்ணிலா | செவ்வாய், இரவு 11.20

எட்டு ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாகிவிடும். எங்கள் வண்டியில் அப்படித்தான் ஆட்டம் வந்தது. வேறு எதையும் தொடுவதற்கு முன் டயரை மாற்றி வீல் பேலன்சிங் பாருங்கள். எந்த வேகத்தில் ஆடுகிறது என்றும் சொல்லுங்கள்.

மெக்கானிக் மகன் | புதன், காலை 6.40

வீல் பேரிங்தான். என் அப்பாவிடம் இப்படி வந்த பத்து வண்டிகளில் எட்டில் பேரிங்தான் தளர்ந்திருக்கும். நட்டை இறுக்கி, கிரீஸ் மாற்றினால் முடிந்தது. அம்பாசிடர் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) இருக்கும். அதன் புஷ்களையும் (மூட்டில் இருக்கும் ரப்பர் உறைகள்) பாருங்கள்.

பழைய வண்டிக்காரர் | புதன், காலை 7.15

காரின் பெயரைச் சொல்லாமல் நோய்க்கு மருந்து கேட்கிறார் ஒருவர், கேட்காமலே மருந்து எழுதித் தருகிறார் இன்னொருவர். இந்தப் பகுதியில் கேள்வி கேட்பது எப்படி என்று நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். காரின் பெயர், ஆண்டு, எந்தப் பக்கம், என்ன செய்து பார்த்தீர்கள்: இந்த நான்கும் இல்லாமல் முன்பக்கச் சிக்கலுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. சக்கரம் ஆடுவது விளையாட்டுக் காரியம் இல்லை.

கும்பகோணத்தான் | புதன், காலை 9.30

மன்னிக்கவும், ஐயா. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பதிவுப் புத்தகத்தில் 1967 என்று இருக்கிறது. இடது பக்கம். மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

பழைய வண்டிக்காரர் | புதன், காலை 10.02

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு இரவு மிச்சமாகியிருக்கும். சரி, கவனமாகப் படியுங்கள், தம்பி.

உங்கள் மெக்கானிக் சொல்லும் கிங்பின் என்ற பொருளே ஹெரால்டில் இல்லை. மேலே ஒரு பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு), கீழே ட்ரன்னியன் (உள்ளே மரை வெட்டிய மூட்டு). இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் துண்டுதான் வெர்டிகல் லிங்க். அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை பித்தளை நிறத்தில் இருக்கும் ட்ரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை அதற்குள் சுழல்கிறது. ஸ்பிரிங் கீழ் ஆர்மை (ட்ரன்னியனைச் சாசியோடு சேர்க்கும் கை) அழுத்த, கீழ் ஆர்ம் ட்ரன்னியனை அழுத்துகிறது. அதாவது காரின் அந்த மூலையின் எடை முழுவதும் அந்த மரையில்தான் தொங்குகிறது. துரு அரித்த மரை ஒருநாள் ஒடியும். அப்போது சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுதாகத் திருப்பும்போது ஒடியும். அது நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதில் வெல்டிங் வைக்கவே கூடாது. அடித்து உருவாக்கிய எஃகு அது. வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் அதன் பலம் போய்விடும்.

சாலைப்பயணி | புதன், காலை 10.30

அண்ணா, கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். சாசிக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் வைத்து, இடது சக்கரத்தை உயர்த்துங்கள். சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காமல் இருந்தால் பால் ஜாயின்ட், ட்ரன்னியன், புஷ் இவற்றில் ஒன்று. எது அசைகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும் என்பதால் இதைப் பார்ப்பது எளிது.

மெக்கானிக் மகன் | புதன், காலை 11.10

பேரிங்தான் என்று இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்தச் சோதனை சரியானது, செய்யட்டும். இன்னொன்று, ட்ரன்னியனுக்கு நன்றாக கிரீஸ் அடித்தால் சத்தம் அடங்கிவிடும். இப்போதைக்குத் திருமணம் முடியும்வரை ஓட்டலாம்.

பழைய வண்டிக்காரர் | புதன், காலை 11.18

கிரீஸ் அடிக்காதீர்கள். ஹெரால்டு ட்ரன்னியனுக்கு எண்ணெய். 90 நம்பர் கியர் ஆயில். கையேட்டில் தெளிவாக இருக்கிறது: 6,000 மைலுக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, நிப்பிள் (எண்ணெய் செலுத்தும் முனை) மாட்டி, கிரீஸ் கன்னில் எண்ணெய் நிரப்பி, மேலே கசியும்வரை அடிக்க வேண்டும். இத்தனை ஹெரால்டுகளைக் கொன்றது கிரீஸ்தான். நிப்பிளை மாட்டியவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்து வந்த பையன் நிப்பிளைக் கண்டதும் கையிலிருந்த கிரீஸ் கன்னை வைத்து அடித்தான்.

யாழ் மைனர் | புதன், பிற்பகல் 1.25

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் 1956 மொரிஸ் மைனர் வைத்திருக்கிறேன். எங்கள் காரிலும் முன் சில்லு மரையில்தான் திரும்புகிறது, மேலேயும் கீழேயும். அதற்குக் கிரீஸ்தான் அடிக்கிறோம். தவறாமல் அடித்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊர்களில் இந்தக் கார்கள் இன்றும் ஓடுவதற்கு அதுதான் காரணம். கிரீஸ் கொல்கிறது என்பதை நான் ஏற்க மாட்டேன். அடிக்காமல் விடுவதுதான் கொல்கிறது.

பழைய வண்டிக்காரர் | புதன், பிற்பகல் 1.50

மைனர் வேறு, ஹெரால்டு வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது அறியாமை.

யாழ் மைனர் | புதன், பிற்பகல் 2.15

அறியாமை என்று சொல்வதற்கு முன் காரணத்தைச் சொல்லுங்கள், ஐயா. நான் முப்பது ஆண்டுகளாக என் காரை நானே பழுது பார்க்கிறேன்.

கோவை லேத் | புதன், மாலை 4.00

நான் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன். இருவர் சொல்வதிலும் சரி இருக்கிறது. ஹெரால்டு ட்ரன்னியனின் அடி மூடியது. வெட்டிப் பார்த்தால் நீண்ட மரை. கெட்டியான கிரீஸ் அதன் அடிவரை போய்ச் சேருவதில்லை. போன கிரீசும் சில ஆண்டுகளில் சோப்புக் கட்டி போல் இறுகி வழியை அடைத்துவிடும். மேலே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது கிழிந்ததும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கும். எஃகு மரை துருப்பிடிக்கும், துரு ட்ரன்னியனின் உலோகத்தை அரம் போல் தேய்க்கும். எண்ணெய் மரை வழியே வழிந்து எல்லா இடத்துக்கும் போகிறது, தண்ணீரையும் தள்ளுகிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் எண்ணெய் சீக்கிரம் கசிந்து வற்றிவிடும். அதனால் நான் 6,000 மைல் காத்திருக்க மாட்டேன். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை அடித்துவிடுவேன்.

ட்ரன்னியனை மட்டும் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடைந்து தர முடியும், நானே இரண்டு செய்திருக்கிறேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர், மாற்றி வெட்டினால் உலோகம் வீண். ஆனால் லிங்க்கை நான் கடையமாட்டேன். அதைச் சோதிக்கத்தான் சொல்வேன். இங்கே வார்ப்படக்காரர்கள் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து விரிசல் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு தானாக எழும். மரை முடியும் மேல் ஓரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வெண்ணிலா | புதன், மாலை 4.45

எவ்வளவு தெளிவான விளக்கம். டயர் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பழைய டயரோடு ஓட்டாதீர்கள், அதையும் மாற்றுங்கள்.

யாழ் மைனர் | புதன், மாலை 5.10

லேத் ஐயாவுக்கு நன்றி. காரணம் விளங்கியது. மைனருக்குக் கிரீஸ் என்பதில் நான் மாறவில்லை. ஹெரால்டுக்கு எண்ணெய் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கும்பகோணத்தான் | புதன், இரவு 9.48

சோதனை செய்தோம். பிரேக் மிதித்தாலும் ஆட்டம் நிற்கவில்லை. கீழேதான் அசைகிறது. ட்ரன்னியனில் ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, கறுப்பாக இறுகியிருக்கிறது. நாளைக்குக் கழற்றலாம் என்று நினைக்கிறோம். ஸ்பிரிங் தெறிக்குமா?

மெக்கானிக் மகன் | புதன், இரவு 10.05

அப்படியானால் பேரிங் இல்லை. நான் சொன்னது தவறு.

பழைய வண்டிக்காரர் | புதன், இரவு 10.20

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதி. அதன் இரண்டு முனைகளையும் தொடாதவரை ஷாக் அப்சார்பரே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொகுதியை மட்டும் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் பிரிக்கவே கூடாது. கை போய்விடும். ட்ரன்னியனைக் கீழ் ஆர்மோடு கோர்க்கும் போல்ட் உள்ளிருக்கும் எஃகுக் குழலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அடித்து ஆர்மை வளைத்துவிடாதீர்கள். இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவையுங்கள். வரவில்லையென்றால் போல்டை அறுத்தெடுங்கள், போல்ட் மலிவு.

புது ட்ரன்னியனை முழுவதும் திருகிவிட்டு, சக்கரம் இரண்டு பக்கமும் தடையின்றித் திரும்பும் அளவுக்குச் சற்றுப் பின்வாங்குங்கள். ஆர்மின் ரப்பர் புஷ் போல்டுகளை வண்டி தரையில் நின்று எடை ஏறிய பிறகுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். சாசியோடு சேரும் இடத்தில் தகடுகள் இருந்தால் எந்த இடத்தில் எத்தனை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அதில்தான் இருக்கிறது.

தம்பி, காலையில் கடுமையாக எழுதினேன். என் நண்பரின் ஹெரால்டு இப்படித்தான் தாம்பரத்தில் மடிந்தது. அன்று வேகம் குறைவாக இருந்ததால் பிழைத்தார். சனிக்கிழமை இந்தக் காரில் மாப்பிள்ளையை உட்காரவைக்காதீர்கள்.

சாலைப்பயணி | வியாழன், காலை 8.15

உதிரிப்பாகம் தேடுபவர்களுக்கு: புதுப்பேட்டையில் தேடினால் பழையது கிடைக்கலாம், ஆனால் பழையதிலும் அதே துரு இருக்கும். இங்கிலாந்துக் கடைகளில் ட்ரயம்ப் ஹெரால்டு (நம் ஹெரால்டின் மூலக் கார்), ஸ்பிட்ஃபயர் (அதன் உறவுக் கார்) என்ற பெயர்களில் ட்ரன்னியன் இன்றும் புதிதாக வருகிறது. வாங்குவதற்கு முன் பழையதை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெண்ணிலா | ஞாயிறு, இரவு 8.30

என்ன ஆயிற்று? திருமணம் நல்லபடியாக முடிந்ததா?

கும்பகோணத்தான் | 17 நாட்களுக்குப் பிறகு

தாமதத்துக்கு மன்னிக்கவும். திருமணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் எடுத்தோம். அப்பாவின் கார் வீட்டு வாசலில் ஸ்டாண்டில் நின்றது. அம்மா அதன் பக்கத்தில் மாப்பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

இடது லிங்க்கைக் கோவைக்கு அனுப்பிச் சாயச் சோதனை செய்தோம். மரை முடியும் இடத்தில் பாதிச் சுற்றுக்கு விரிசல். புதியதற்கு இங்கிலாந்தில் பணம் கட்டியிருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

கோவை லேத் | அன்று மாலை

நல்லவேளை. வலப் பக்கத்தையும் கழற்றிப் பார்த்தீர்களா? அதே ஆண்டு, அதே கிரீஸ், அதே மழை.