பெரியப்பா கீபோர்டை மூடிவிட்டார், இனி வளவு முற்றத்தில் உட்கார்ந்துதான் பாடுவாராம்

கேள்வி: கண்மாய்க்கரை (காரைக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். ஒலிப்பதிவு தெரிந்தவர்களும் பழைய மேடைக்காரர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பாவுக்கு 67 வயது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். இருபது வயதில் ஒரு சாதா கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடப் போனார். கரண்ட் வேண்டாத மரக் கிடார்தான். அப்போது பாடியதெல்லாம் அப்பத்தாவிடம் கேட்ட நடவுப் பாட்டு, தெம்மாங்கு, அந்தச் சாயலில் இவர் கட்டிய பாட்டுகள். அப்புறம் ஆர்க்கெஸ்ட்ரா வந்தது. கீபோர்டு, பேடு (எலக்ட்ரானிக் தாளப் பலகை), எக்கோ, ஆள் உயரப் பாக்ஸ் என்று முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கொப்புடையம்மன் திருவிழாவா, மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனா, எதற்கும் இவர் குழு போகும்.

கேசட் காலத்தில் அம்மன் பாட்டு எழுதிக் கொடுத்தார். கேசட் வந்தது, அட்டையில் இவர் பேர் வரவில்லை. இன்றைக்கும் ஆடி மாதம் எங்கள் தெருக் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டால், குடித்துக்கொண்டிருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

போன தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தார். சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற வழியில், ராத்திரி, பின்னால் வந்த ஒரு கூட்டம் பாடிக்கொண்டே நடந்திருக்கிறது. மைக் இல்லை, தாளத்துக்குக் கால் சத்தம்தான். இவரும் சேர்ந்து பாடியிருக்கிறார். இரண்டு நாளில் இவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, ஐம்பது அறுபது பேர் திருப்பிப் பாடினார்களாம். திரும்பி வந்ததும் கீபோர்டு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். இன்னும் அந்தத் துண்டு எடுபடவில்லை.

இப்போது பத்துப் பாட்டு வைத்திருக்கிறார். ஆறு சொந்தம், நாலு அப்பத்தாவுடையது. ஒன்றின் தொடக்கம் இது:

கம்மாக் கரையில கருவேலம் பூத்திருக்கு
தண்ணி நின்ன எடத்துல தடம் மட்டும் காஞ்சிருக்கு

முதலில் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் அழைத்துப் போனேன். காதில் 'டிக் டிக்' என்று மெட்ரோனோம் கொடுத்துப் பாடச் சொன்னார்கள். 'காஞ்சிருக்கு' என்ற இடத்தில் பெரியப்பா எப்போதும் கொஞ்சம் நின்று, மூச்சு விட்டு, அப்புறம்தான் இறங்குவார். டிக் டிக் நிற்குமா? மூன்று தடவை தப்பிவிட்டது. கடைசியில் அவர்களே குரலை நேராக்கி, அடியில் புல்லாங்குழல் எல்லாம் சேர்த்து அனுப்பினார்கள். பெரியப்பா கேட்டுவிட்டு, "நல்லாருக்கு, யாரு பாடினது?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சரி, வீட்டிலேயே செய்வோம் என்று முடிவு செய்தோம். எங்கள் வீடு இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு அப்பாதான் சாவி வைத்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில். போனில் கேட்டதற்கு அந்த ஆச்சி, "வீடு சும்மாதானே கெடக்கு, தாராளமா பாடச் சொல்லு" என்றார்கள். அப்பத்தா அந்த வீட்டு இரண்டாங்கட்டில், அதாவது பின்பக்கத்துக் கட்டில், நெல்லுக் குத்தியவர். அதனால் பெரியப்பாவுக்கு அந்த வீடுதான் வேண்டும்.

பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், உட்கார வைத்துப் போனில் எடுத்துப் பார்த்தேன். குளியலறையில் பாடியது போல இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் கண்ணாடி மாதிரி, தரை ஆத்தங்குடிக் கல், சத்தம் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. வானம் திறந்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமுமான வளவில் எடுத்தால் புறாச் சத்தம்.

என் கேள்விகள்: எங்கே உட்கார வைப்பது? குரலையும் கிடாரையும் தனித்தனியாக எடுப்பதா, சேர்த்தா? முன்பு 2 கட்டை சுருதியில் பாடியவருக்கு இப்போது மேலே போனால் இருமல் வருகிறது, என்ன செய்யலாம்? கையில் 15,000 ரூபாய் இருக்கிறது.

---

பதில் 1: ஒலிப்பெட்டி (புதுக்கோட்டை)

தங்கச்சி, நான் 1991 முதல் மேடைக்கு ஒலி அமைக்கிறவன். ஆர்க்கெஸ்ட்ராவில் எக்கோவைத் திருகியே கை தேய்ந்தவன் சொல்கிறேன், பெரியப்பா செய்தது சரி. எக்கோ குரலில் உள்ள குறையை மூடும், குணத்தையும் சேர்த்து மூடும். அது தெரிந்தும் திருகினோம். கூட்டம் கேட்டது.

முதலில் இடம். பட்டாலை வேண்டவே வேண்டாம். நாலு பக்கமும் வழவழச் சுவர், மேலே தேக்கு, கீழே கல். வளவில் மேலே வானம் திறந்திருக்கிறதல்லவா, அந்தப் பக்கம் போன சத்தம் திரும்பாது. வளவில் எதிரொலி வந்தால் அது தாழ்வாரத்துச் சுவரிலிருந்து வருவது. தாழ்வாரத்தில் இடம் மாற்றி மாற்றி நின்று பலமாக ஒரு கைதட்டிப் பாருங்கள். எங்கே 'டப்' என்று முடிகிறதோ அதுதான் இடம். 'டப்ப்ப்' என்று வால் நீண்டால் நகர்ந்துவிடுங்கள்.

பெரியப்பா முற்றத்தைப் பார்த்து உட்காரட்டும், முதுகு சுவர்ப் பக்கம். அவருக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைக் கயிற்றுக்கட்டிலோடு நிமிர்த்தி வையுங்கள். காலடியில் ஜமக்காளம். ஸ்டூடியோக்காரர் ஒட்டும் ஸ்பாஞ்சை விட இலவம்பஞ்சு மெத்தை எவ்வளவோ மேல், கனம் இருக்கிறது. கனம் இருந்தால்தான் கீழ்ச்சத்தத்தைக் குடிக்கும். ஆனால் மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். அந்த வீட்டுச் சத்தம் கொஞ்சம் வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு அந்த வீடு?

தனித்தனியாக எடுக்காதீர்கள். பாடும்போது அவர் கை தானாகவே மெதுவாகும், வேகமாகும். பிரித்து எடுத்தால் இரண்டும் இரண்டு ஆள் மாதிரி இருக்கும். ஒரே ஒரு கண்டென்சர் மைக் போதும். நெஞ்சு உயரத்தில், ஒன்றரை அடி தள்ளி. கிடார் அமுங்கினால் மைக்கை நாலு விரல் கீழே இறக்குங்கள், குரல் அமுங்கினால் ஏற்றுங்கள். மிக்சர் வேலையை அந்த நாலு விரல் செய்துவிடும். மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்து, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டி, இன்டர்ஃபேஸ், ஒன்று வேண்டும். ஒரு மைக், ஸ்டாண்டு, வயர் எல்லாம் உங்கள் தொகைக்குள் முடியும். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, அவர் உரக்கப் பாடும் இடத்தில் சத்த அளவு முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் கரகரக்கும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது.

கட்டை. 2 கட்டை என்றால் டி. 1 கட்டைக்கு, அதாவது சி-க்கு இறங்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை, வயசானால் எல்லாருக்கும் இறங்கும். அவர் விரல் புதுசாகப் பழக வேண்டாம். கிடாரின் ஆறு தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டுங்கள். கை அதே டி கார்டு பிடிக்கும், சத்தம் சி-யில் வரும். தந்தி தொளதொளக்கும், அதற்கு 13 கேஜ் தடித்த தந்தி போடுங்கள். கிடார் கழுத்தில் மாட்டும் கேபோ கிளிப் வாங்காதீர்கள், அது சுருதியை ஏற்ற மட்டும்தான் உதவும். புதுத் தந்தியை இரண்டு நாள் முன்பே மாட்டி வாசிக்க விடுங்கள், முதல் நாள் சும்மா ஜல்ஜல் என்று கத்தும், சுருதியிலும் நிற்காது.

மூச்சுச் சத்தத்தை வெட்டாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

---

பதில் 2: சும்மா வந்தவன்

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு கிடாரும் கிழக் குரலும் இப்போது யார் கேட்பார்கள்? மூன்று நிமிஷத்தில் பாதியில் தள்ளிவிட்டுப் போகிற காலம் இது. பேடாவது இருக்கட்டும்.

---

பதில் 3: தேவகோட்டை ஆச்சி

சும்மா வந்த தம்பி, வந்தது வந்தீர்கள், ஒரு செய்தி கேட்டுவிட்டுப் போங்கள். என் பேரன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் வீட்டில் அந்த ஊர்ப் பாடகர் பாப் டிலன் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். 1992-இல் அந்த மனுஷர், ஐம்பது தாண்டியவர், பேண்டு எல்லாம் வேண்டாம் என்று, தன் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்த ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து, ஒரு கிடாரும் மௌத் ஆர்கனுமாகப் பழைய நாட்டுப்பாட்டுகளைப் பாடினாராம். அடுத்த வருஷம் இன்னொன்று. அதற்கு கிராமி விருதும் கொடுத்தார்கள். சொந்தப் பாட்டு எதுவும் அந்த இரண்டிலும் இல்லை. 1997-இல்தான் மறுபடியும் சொந்தப் பாட்டோடு வந்தார். பேரன் இதைச் சொன்னபோது எனக்குத் தோன்றியது, ஊற்று வற்றினால் பழைய கிணற்றைத் தூர் வாருகிற மாதிரிதான் என்று.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் இருந்தாரே? வயல்காட்டுப் பாட்டைத்தான் ரேடியோவில் பாடினார், 1985-இல் சினிமாவும் அவரைத் தேடி வந்தது. அந்தக் குரலுக்கு எந்த பேடு வேண்டியிருந்தது?

மகளே, இப்போது உனக்கு. ஒலிப்பெட்டி சொன்னது சரியாக இருக்கலாம், எனக்கு மைக் தெரியாது. ஆனால் மெத்தையைக் கட்டிலோடு தரையில் இழுத்துவிடாதீர்கள்! ஆத்தங்குடிக் கல்லில் கோடு விழுந்தால் போகாது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்து வளர்த்த தரை அது. நாலு பேராகத் தூக்குங்கள்.

இன்னொன்று. உன் அப்பத்தா பாட்டு நாலும் எங்கே பாடியது என்று பெரியப்பாவிடம் கேள். எங்கள் வீட்டிலும் நெல்லுக் குத்துகிறவர்கள் இரண்டாங்கட்டில்தான் பாடுவார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது, உலக்கை கீழே இறங்கினால் சொல் வரும், மேலே ஏறினால் மூச்சு. நீ எழுதியிருக்கிறாயே, 'காஞ்சிருக்கு' என்ற இடத்தில் நின்று மூச்சு விடுவார் என்று? அது கிடாரில் கற்றது இல்லை என்று நினைக்கிறேன். உலக்கை இன்னும் அந்த வீட்டில் இருக்கிறதா, பார்.

---

பதில் 4: பத்திர எழுத்து

பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கேசட் பற்றி மட்டும். எழுதிக் கொடுத்த தாள் இருந்தால் எடுத்துப் படியுங்கள். உரிமை மாற்றிக் கொடுத்த பத்திரத்தில் எத்தனை வருஷம் என்று எழுதவில்லை என்றால், ஐந்து வருஷம்தான் என்று பதிப்புரிமைச் சட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு பின்னால் சேர்த்தது, அதனால் தாளில் உள்ள தேதி முக்கியம். பணத்தை விடுங்கள், பேர் போடச் சொல்லும் உரிமை எழுதியவருக்கு எப்போதும் உண்டு. உள்ளூர் வக்கீலிடம் காட்டுங்கள்.

---

கேட்டவர் மறுபடியும்: கண்மாய்க்கரை

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ராத்திரி எடுத்துவிட்டோம், அதாவது ஞாயிறு விடியற்காலை இரண்டரை மணிக்கு. புறா எழுந்திருக்கும் முன்பு.

கைதட்டிப் பார்த்ததில் வளவின் தெற்குத் தாழ்வாரம், மூன்றாவது தூண் பக்கம் 'டப்' என்று நின்றது. மெத்தையைத் தூக்கித்தான் வைத்தோம், ஆச்சி. அப்பா, நான், தம்பி, தெருமுனை டீக்கடை அண்ணன், நாலு பேர். ஃபேன், மோட்டார், எல்லார் போனும் அணைத்தோம். அப்புறமும் ஏதோ 'ங்ங்' என்று ஓடுகிறது. தேடிப் பார்த்தால் தம்பி லேப்டாப் காற்றாடி. அதை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு நீள வயர் இழுத்தோம்.

சி-க்கு இறக்கிப் பாடச் சொன்னதும் பெரியப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பொம்பளப் புள்ளைக்குத் தாலாட்டா பாடுறேன்?" என்றார். ஒரு பாட்டு பாடிப் பார்த்தார். இருமல் வரவில்லை. கீழே அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் சொரசொரப்பு, ஈர மண்ணில் கால் வைத்த மாதிரி. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பத்தா குரல் அதுதான் என்று பிறகு சொன்னார். நான் அப்பத்தாவைப் பார்த்ததில்லை.

உலக்கை இருக்கிறது, ஆச்சி. இரண்டாங்கட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் இரண்டு, பூண் துருப்பிடித்து. பெரியப்பாவிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஒரு உலக்கையை எடுத்து வந்து, ஜமக்காளத்தின் மேல் நிறுத்தி, தம்பி கையில் கொடுத்து, "நான் தலையாட்டும்போது போடு" என்றார். இரண்டு பாட்டுக்கு அதுதான் தாளம். ஜமக்காளத்தை மூன்றாக மடித்துத்தான் போட்டோம், கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக்கில் அது உலக்கை என்று தெரியவில்லை, யாரோ பெரிய கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

பத்தில் ஐந்துதான் ஆயிற்று. ஐந்தாவது பாட்டு முடிகிற நேரம் பால்காரர் தெருவில் மணி அடித்தார், பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை வெட்டவா வேண்டாமா என்று தம்பிக்கும் எனக்கும் இன்னும் சண்டை. சும்மா வந்தவன் அண்ணன், கண்மாய்ப் பாட்டை உங்களுக்கு அனுப்புகிறேன். பாதியில் தள்ளிவிட்டால் எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லுங்கள்.

பத்திரம் தேடினோம், கிடைக்கவில்லை. பரணில் இன்னும் ஒரு தகரப் பெட்டி பாக்கி.

ஆறாவது பாட்டுக்குத் தொடங்கும்போது கிடாரின் மூன்றாம் தந்தி அறுந்துவிட்டது. 13 கேஜ் செட் காரைக்குடியில் இரண்டு கடையில் கேட்டேன், 10-உம் 11-உம்தான் வைத்திருக்கிறார்கள். ஒலிப்பெட்டி அண்ணன், புதுக்கோட்டையில் கிடைக்குமா, திருச்சிக்கே போக வேண்டுமா? அடுத்த சனிக்கிழமைக்குள் வேண்டும்.