மே லீவுக்கு கொல்லிமலை, பசங்களோட டெண்ட்ல தங்கலாமா?

கேள்வி: நாங்க நாலு பேரு, சின்னவளுக்கு 6 வயசு, ரெண்டு நாள் டெண்ட் போட்டு நாமளே சமைச்சு சாப்பிடணும்னு ரொம்ப ஆசை, எங்க போடலாம்?

பதில்: காட்டுக்குள்ள வேணாங்க, வனத்துறை அனுமதி இல்லாம கூடாது, தோட்டத்துல இடம் குடுக்குறவங்கள கேட்டு போடுங்க. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, பாப்பா கையில எலுமிச்சம்பழம் குடுத்துடுங்க, மோந்துகிட்டே வந்தா சிலருக்கு குமட்டல் கொஞ்சம் அடங்கும்.

பதில்: ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல, இறங்குறது ஈசி ஏறுறப்பதான் கஷ்டம், காலையிலயே போயிடுங்க. நாங்க போனப்ப மலைப் பலாப்பழம் வாங்கி கையில எண்ணெய் தடவி உரிச்சோம், ராத்திரி அந்த ஊரு மிளக அப்பவே இடிச்சு போட்டு நாட்டுக்கோழி வறுவல், பையன் தட்டையே வழிச்சுட்டான்!

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, ராத்திரி குளிருமா?

பதில்: விடியக்காலையில குளிரும், கம்பளி கண்டிப்பா எடுத்துக்கோங்க.